உயிரணு ஒட்டுதல்

உயிரணு ஒட்டுதல் என்பது ஓர் உயிரணு மற்றோர் உயிரணுவையோ தன்னைச் சூழ்ந்துள்ள புறப்பொருளையோ புரத மூலக்கூறுகளின் துணையால் பற்றி நிற்பதைக் குறிக்கும். தோல், குடற்சுவர், குருதிக்குழாய், இதயத்தசை ஆகியவை சிதறிப்போகாமல் இருப்பதற்கு இதுவே காரணமாகும். இதனைப் பலகைகளைப் பசையிட்டு ஒட்டுவதுடன் ஒப்பிடுவது வழக்கம்; ஆயினும் இவ்வொப்புமை அதிகம் பொருந்தாது. பசை ஒருமுறை இறுகினால் இறுகியதே. உயிரணுக்களைப் பிணைக்கும் மூலக்கூறுகளோ தனித்தனியே மிகவும் வலுக்குறைந்தவை. அவற்றுட் பல நொடிக்கணக்கில் அறுந்து மீண்டும் இணைகின்றன. சில, இழுக்கப்படும்போது முன்னிலும் நெடுநேரம் பற்றிநிற்கின்றன. எனவே உயிரணுக்கள் ஒட்டும் விதத்தை அறிய அவை பிரியும் விதத்தையும் அறிதல் வேண்டும்.

இத்துறையில் இந்தியாவில் நிகழ்ந்த இரு பணிகள் குறிப்பிடத்தக்கவை. உயிரணுக்கள் பற்றிக்கொள்ளும் புறப்பொருட்களுள் முதன்மையான கொலாசனின் வடிவம் 1954 ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தில் முன்மொழியப்பட்டது. தோலின் உயிரணுக்கள் ஒன்றைவிட்டு ஒன்று கழன்றுபோகும் பெம்பிகஸ் என்னும் நோய்க்கு 1980களில் புது தில்லியில் ஒரு சிகிச்சை முறை உருவாக்கப்பட்டது. இவ்விரண்டும் கீழே விளக்கப்பட்டுள்ளன.

வரலாறு

1907 ஆம் ஆண்டு அமெரிக்க விலங்கியலாளர் எச். வி. வில்சன், உயிருள்ள கடற்பஞ்சு ஒன்றை நுண்ணிய பட்டுத்துணியில் இட்டுப் பிழிந்தார். துணிக்கு மறுபுறம் தனி உயிரணுக்களும் சிறு கொத்துகளுமே கடல்நீரில் வந்து வீழ்ந்தன. அவை ஊர்ந்து, ஒன்றையொன்று தொட்டுத் திரண்டு, மீண்டும் கடற்பஞ்சாக உருப்பெற்றன. உயிரணுக்களைப் பிணைக்கும் ஆற்றல் அவற்றின் மேற்பரப்பிலேயே உள்ளது என்பதற்கு இது முதற்சான்றாக அமைந்தது.

பிலிப் டவுன்ஸ், யோகான்னஸ் ஹோல்ட்ஃபிரெட்டர் ஆகியோர் 1955 இல் இதனை முதுகெலும்பிகளிலும் காட்டினர். அவர்கள் நீர்நில வாழ்விகளின் இளம் முளையங்களைக் காரக் கரைசலில் இட்டுத் தனி உயிரணுக்களாகப் பிரித்து, வெவ்வேறு வகைகளை ஒன்றாகக் கலந்துவிட்டனர். முதலில் தாறுமாறாகத் திரண்ட அவை, பின்னர் தத்தம் இனத்துடன் சேர்ந்தன. தோலாக வேண்டியவை வெளியே வந்தன. நரம்பாக வேண்டியவை உள்ளே சென்றன. எண்ணெயும் நீரும் பிரிவதைப் போன்றே இதுவும் நிகழ்கிறது என்றும், தமக்குள் வலுவாக ஒட்டும் உயிரணுக்கள் நடுவில் திரள, வலுக்குறைவாக ஒட்டுபவை அவற்றைச் சூழ்ந்துகொள்ளும் என்றும் மால்கம் ஸ்டைன்பெர்க் 1960களில் விளக்கினார். இவ்விளக்கம் முழுமையன்று. உயிரணுவின் புறணியில் உள்ள இழுவிசைக்கும் இவ்வரிசைப்படுதலில் பெரும் பங்குண்டு என்பது பிற்கால அளவீடுகளால் தெரியவந்தது.

ஒட்டும் மூலக்கூறு எது என்ற கேள்விக்கு விடை கிடைக்க மேலும் காலம் பிடித்தது. உயிரணுக்களைப் பிரிக்க டிரிப்சின் என்னும் புரதம் வெட்டும் நொதியைப் பயன்படுத்துவது ஆய்வகங்களில் வழக்கம். கரைசலில் கால்சியம் இருக்கும்போது டிரிப்சினிட்டால் உயிரணுக்கள் தம் ஒட்டும் திறனை இழப்பதில்லை என்பதையும், கால்சியத்தை நீக்கிவிட்டு டிரிப்சினிட்டால் இழந்துவிடுகின்றன என்பதையும் சப்பானிய அறிஞர் மசதோசி தாகேய்ச்சி 1977 இல் வெளியிட்டார். கால்சியம் ஏதோ ஒரு புரதத்தை நொதியிடமிருந்து காக்கிறது என்பது இதிலிருந்து பெறப்பட்ட முடிவு. அப்புரதத்திற்கு 1984 இல் கேடெரின் எனப் பெயரிடப்பட்டது. புறப்பொருளைப் பற்றும் மற்றொரு புரதக் குடும்பத்திற்கு இண்டெகிரின் என்ற பெயர் 1986 இல் ரிச்சர்டு ஹைன்சு குழுவினரால் இடப்பட்டது. இண்டெகிரின் பற்றிய பணிக்காக ஹைன்சு, எர்க்கி ருவோசுலாட்டி, திமோதி ஸ்பிரிங்கர் மூவருக்கும் 2022 ஆம் ஆண்டின் லாஸ்கர் பரிசு வழங்கப்பட்டது.

பிணைப்பின் அமைப்பு

கேடெரின் மூலக்கூறு உயிரணுச் சவ்வை ஊடுருவி நிற்கிறது. வகைக்கு எடுத்துக்காட்டான கேடெரின்களில் அதன் வெளிப்பகுதி ஐந்து கணுக்களால் ஆனது. கணுக்களுக்கு இடையே கால்சியம் அயனிகள் அமர்ந்துள்ளன. கால்சியம் இருக்கும்வரை இத்தண்டு விறைப்பாக நிற்கும். அதனை நீக்கினால் துவண்டுவிடும். நுனிக்கணுவில் உள்ள டிரிப்டோபான் என்னும் அமினோ அமிலம், எதிரே உள்ள உயிரணுவின் கேடெரினில் இருக்கும் குழிக்குள் சென்று பொருந்துகிறது. எதிர்ப்புறமும் அவ்வாறே செய்கிறது. இருவர் தம் கையை மற்றவர் சட்டைப்பையில் நுழைத்துக்கொண்டு நிற்பதைப் போன்றது இது.

சவ்வின் உட்புறத்தில் கேடெரினின் வால், கேட்டெனின் எனப்படும் புரதங்களின் வழியே உயிரணுவின் உட்சட்டகமான ஆக்டின் இழைகளுடன் இணைகிறது. தோல், இதயத்தசை போன்று மிகுந்த இழுப்புக்கு உள்ளாகும் இழையங்களில் இதனினும் உறுதியான டெஸ்மோசோம் என்னும் பொத்தான் போன்ற இணைப்புகள் உண்டு. டெஸ்மோசோம்களில் உள்ள கேடெரின் உறவினப் புரதங்களுள் டெஸ்மோகிளைன் ஒன்று. இவை கெரட்டின் போன்ற தடித்த இழைகளுடன் இணைந்துள்ளன. தோலின் அடியடுக்கு உயிரணுக்கள் தமக்குக் கீழுள்ள அடித்தளப் படலத்தை அரை டெஸ்மோசோம்களால் பற்றியுள்ளன. பெயர் ஒத்திருப்பினும் இதில் இருப்பது கேடெரின் அன்று, இண்டெகிரின் ஆகும். இவ்வேறுபாட்டை நினைவில் கொண்டால் பின்னர் கூறப்படும் நோய்கள் எளிதில் விளங்கும்.

விசையியல்

இம்மூலக்கூறுகளின் விசைகள் பிக்கோநியூட்டன் என்னும் அலகால் அளக்கப்படுகின்றன. இது ஒரு நியூட்டனில் இலட்சம் கோடியில் ஒரு பங்காகும். ஒரு குருதிச் சிவப்பணுவின் எடை ஏறத்தாழ இவ்வளவே. இத்தகைய சிறிய அளவில், வெப்பத்தால் மூலக்கூறுகள் ஓயாது அதிர்வதே பிணைப்புகளை அறுக்கப் போதுமானது. யாரும் இழுக்காவிட்டாலும் ஒரு பிணைப்பு சிறிது நேரத்தில் தானாகவே அறும். இழுப்பது அந்நேரத்தைக் குறைக்கிறது.

எவ்வளவு குறைக்கிறது என்பதை 1978 இல் ஜார்ஜ் பெல் ஒரு சமன்பாடாகத் தந்தார். விசை கூடக்கூடப் பிணைப்பின் ஆயுள் அடுக்குக்குறி முறையில் குறைகிறது என்பது அதன் சாரம். அறை வெப்பநிலையில் வெப்ப அதிர்வின் ஆற்றல் சுமார் 4 பிக்கோநியூட்டன் நானோமீட்டர் ஆகும். ஒரு பிணைப்பு அறுவதற்கு அரை நானோமீட்டர் விலகினால் போதும் என்று கொண்டால், ஒவ்வொரு 8 பிக்கோநியூட்டனுக்கும் அதன் ஆயுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். 24 பிக்கோநியூட்டனில் அது இருபதில் ஒரு பங்கு மட்டுமே.

இதன் மற்றொரு விளைவு மாணவர்களுக்கு முதலில் வியப்பளிக்கக்கூடும். ஒரு பிணைப்புக்கு "அறுபடும் விசை" என ஒரே ஓர் எண் கிடையாது. மெதுவாக இழுத்தால் சிறிய விசையிலேயே அறும், ஏனெனில் அதிர்வுகள் தம் வேலையைச் செய்யப் போதிய நேரம் கிடைக்கிறது. விரைந்து இழுத்தால் பெரிய விசை தேவைப்படும். எவன் ஈவான்சு, கென் ரிட்சி ஆகியோர் 1997 இல் இதனை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டனர். ஆகவே ஒரு பிணைப்பின் வலுவைக் குறிப்பிடும்போது எவ்வளவு விரைவாக இழுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துக் கூறாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

தனிப் பிணைப்பு வலுவற்றதாயினும் பல பிணைப்புகள் அருகருகே நின்றால் சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன. அறுந்த ஒன்று, அக்கம்பக்கத்தவை பிடித்திருக்கும் வரையில் மீண்டும் இணைந்துகொள்ளவும் முடியும். ஆனால் இழுக்கும் திசை மாறினால் நிலைமை மாறிவிடுகிறது. சுவரில் ஒட்டிய சுவரொட்டியை முழுப்பரப்பிலும் நேராக இழுத்துப் பெயர்ப்பது கடினம். மூலையைக் கிள்ளி உரித்தால் எளிதில் வந்துவிடும். உரிக்கும்போது விசை முழுவதும் விளிம்பில் உள்ள ஒரு வரிசையின்மேல் விழுகிறது; அது அறுந்ததும் அடுத்த வரிசைமேல் விழுகிறது. உயிரணுக்களும் பெரும்பாலும் இவ்வாறு விளிம்பிலிருந்தே பிரிகின்றன. உட்சட்டகம் இறுக்கமாக இருந்தால் விசை பரவலாகப் பங்கிடப்பட்டு உரிதல் தடைப்படுகிறது. இரு உயிரணுக்களைச் சேரவிட்டு, நுண்குழாய்களால் உறிஞ்சிப் பிடித்து இழுத்துப் பிரிக்கும் சோதனை 2004 இல் பிரான்சில் செய்யப்பட்டது. தொட்ட சில நொடிகளில் சில நானோநியூட்டன்களால் பிரிந்தவை, ஒரு மணிநேரம் சேர்ந்திருந்தபின் இருநூறு நானோநியூட்டன் அளவு விசையைத் தாங்கின. ஆக்டின் இழைகளைக் குலைக்கும் மருந்தை இட்டபோது இவ்வலு பெரிதும் வீழ்ந்தது. கேடெரின்கள் அப்படியே இருந்தும் பயனில்லை.

உயிரணு இழுப்பை உணர்ந்து எதிர்வினையாற்றும் முறையும் ஓரளவு தெரியவந்துள்ளது. ஆல்ஃபா கேட்டெனின் என்னும் புரதம் சுமார் 5 பிக்கோநியூட்டன் விசையில் இழுக்கப்பட்டால் அதன் ஒரு மடிப்பு விரிகிறது. விரிந்த இடத்தில் வின்குலின் என்னும் வேறொரு புரதம் வந்து அமர்ந்து மேலும் ஆக்டின் இழைகளைக் கொண்டுவந்து சேர்க்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் இயந்திர உயிரியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தோர் பங்கேற்ற ஆய்வில் 2014 இல் இது தனி மூலக்கூறு அளவில் அளக்கப்பட்டது. இழுக்கப்படும் இடமே வலுப்பெறும் இடமாகிறது.

கொக்கிப் பிணைப்பு

பெல்லின் விதிக்கு மாறாக, இழுத்தால் ஆயுள் கூடும் பிணைப்புகளும் உள்ளன. இரு கைகளின் விரல்களைக் கொக்கியாக்கிக் கோத்து இழுத்தால் அவை கழலாமல் மேலும் இறுகுவதைக் காணலாம், தளர்த்தினால் நழுவிவிடும். இவை கொக்கிப் பிணைப்புகள் எனப்படும். இத்தகைய பிணைப்பு இருக்கக்கூடும் என்பது 1988 இலேயே கணக்கிட்டுக் கூறப்பட்டது. வெண்குருதியணுவைக் குழாய்ச்சுவருடன் இணைக்கும் செலெக்டின் பிணைப்பில் இது 2003 இல் நேரடியாக அளக்கப்பட்டது. விசை ஓரளவு கூடும்வரை ஆயுள் நீள்கிறது, அதன்பின் குறைகிறது.

சிறுநீர்ப்பாதைத் தொற்றை உண்டாக்கும் எசரிக்கியா கோலி நுண்ணுயிரி இதே உத்தியைக் கையாளுகிறது. அதன் மயிரிழைகளின் நுனியில் உள்ள புரதம், நீரோட்டம் வலுக்கும்போது இன்னும் உறுதியாகப் பற்றுகிறது என்று 2002 இல் அறியப்பட்டது. கேடெரின்களின் ஒருவகைச் சேர்க்கையும் கொக்கிப் பிணைப்பே என அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சவ்யசாச்சி ரக்சித், சஞ்சீவி சிவசங்கர் ஆகியோர் உள்ளிட்ட குழு 2012 இல் காட்டியது.

கொலாசனும் சென்னையும்

உயிரணுக்களுக்கு வெளியே உள்ள நார்ப்பொருட்களுள் மிகுதியானது கொலாசன் ஆகும். 1952 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராகப் பொறுப்பேற்ற கோ. நா. இராமச்சந்திரன், அங்கு வந்திருந்த ஆங்கிலேய அறிஞர் ஜே. டி. பெர்னாலுடன் உரையாடியபோது கொலாசனின் வடிவம் இன்னும் தீர்க்கப்படாத புதிராக இருப்பதை அறிந்தார். அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து பெற்ற கங்காரு வால் தசைநாணின் ஊடுகதிர்ப் படங்களைக் கொண்டு, அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954 இல் மும்மடிச் சுருள் அமைப்பை முன்மொழிந்தனர்; 1955 இல் அதனைத் திருத்தி, மூன்று சுருள்களும் ஒன்றையொன்று மீண்டும் முறுக்கிக்கொள்கின்றன என்றனர். சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின் இருப்பதன் காரணமும் இதனால் விளங்கிற்று. சுருளின் நடுவே அதனினும் பெரிய அமினோ அமிலத்திற்கு இடமில்லை. ஐதரசன் பிணைப்புகளின் எண்ணிக்கை குறித்து அலெக்சாண்டர் ரிச், பிரான்சிசு கிரிக் ஆகியோர் செய்த திருத்தம் பின்னர் ஏற்கப்பட்டது. மும்மடிச் சுருள் என்ற அடிப்படைக் கருத்து நிலைத்தது.

உயிரணு ஒட்டுதலுக்கு இவ்வடிவம் ஏன் வேண்டும் என்பது அரை நூற்றாண்டு கழித்தே தெளிவானது. சில இண்டெகிரின்கள் கொலாசனில் உள்ள ஆறு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு குறிப்பிட்ட தொடரைப் பற்றுகின்றன. அத்தொடர் மும்மடிச் சுருளாக முறுக்கிய நிலையில் இருந்தால் மட்டுமே பிடி கிடைக்கும் என்பதும், பற்றிய நிலையின் படிக அமைப்பும் 2000 ஆம் ஆண்டு வெளியாயின. சூடாக்கி முறுக்கை அவிழ்த்தால், அதாவது கொலாசனைக் கூழ்மமான செலட்டினாக மாற்றினால், அதே அமினோ அமிலங்கள் அதே வரிசையில் இருந்தும் இவ்விண்டெகிரின்கள் பற்றுவதில்லை.

முறுக்கு அவிழ்வதை அடுக்களையிலும் காணலாம். கல்மண்டபத்தை அடுத்த காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வாங்கிய மீனாயினும் வேறெங்கு வாங்கியதாயினும், பச்சையாக இருக்கையில் துண்டு உறுதியாக இருக்கும். குழம்பில் வெந்ததும் இதழ் இதழாகப் பிரியும். மீனின் தசைக்கட்டுகளுக்கு இடையே உள்ள மெல்லிய கொலாசன் ஏடுகள் உருகிவிடுவதே காரணம். மீனின் கொலாசன் ஆட்டிறைச்சியின் கொலாசனைவிடக் குறைந்த வெப்பத்தில் அவிழக்கூடியது. எனவேதான் மீன் விரைவில் வேகிறது.

தோல் பதனிடும் தொழிலும் ஒருவகையில் உயிரணுக்களைப் பிரிக்கும் தொழிலே. பதனிட்ட தோல் என்பது பெரும்பாலும் கொலாசன் மட்டுமே. அதன் மேலிருந்த மயிரையும் புறத்தோலையும் நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த தொட்டிகளில் ஊறவைப்பர். இச்சல்பைடு கழிவுநீரில் கலந்து பெருங்கேடு விளைவிப்பது. மயிர்வேரைச் சுற்றியுள்ள புரதங்களை மட்டும் வெட்டி மயிரைக் கழற்றும் நொதிகளை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நெடுங்காலமாக ஆராய்ந்துவருகிறது. கொலாசனைத் தொடாமல் பிணைப்பை மட்டும் வெட்டும் நொதி வேண்டும் என்பதே இதன் சிக்கல்.

நகரும் உயிரணுக்கள்

ஓர் உயிரணு நகர வேண்டுமாயின் முன்பக்கம் பற்ற வேண்டும், பின்பக்கம் விட வேண்டும். பிடி மிகக் குறைவாக இருந்தால் வழுக்கும். மிகுதியாக இருந்தால் பின்பக்கம் கழலாமல் நின்றுவிடும். நகரும் வேகம் இடைப்பட்ட பிடியில்தான் உச்சத்தை எட்டுகிறது என்பது 1997 இல் இண்டெகிரின் அளவை மாற்றி மாற்றிச் சோதித்து உறுதிசெய்யப்பட்டது.

வெண்குருதியணுக்கள் தொற்று உள்ள இடத்தை அடைவது இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. விரைந்தோடும் குருதியில் அடித்துச் செல்லப்படும் அணு, முதலில் செலெக்டின்களால் பிடிக்கப்பட்டுக் குழாய்ச்சுவரில் உருளுகிறது. பின்னர் இண்டெகிரின்களால் நிறுத்தப்படுகிறது. இறுதியில் சுவர் உயிரணுக்களின் இடையே நுழைந்து வெளியேறுகிறது. பிறவியிலேயே இவ்விண்டெகிரின் குறைபட்ட குழந்தைகளுக்குக் குருதியில் வெண்ணணுக்கள் மிகுந்திருந்தும் புண்ணில் சீழ் பிடிக்காது, ஆறவும் செய்யாது. தொப்புள்கொடி மூன்று நான்கு வாரங்கள் கடந்தும் விழாதிருப்பது இதன் தொடக்க அறிகுறிகளுள் ஒன்று. கொடி தாமதமாக விழும் குழந்தைகளில் பெரும்பாலோர் நலமானவர்களே. தாமதத்துடன் அடிக்கடி தொற்றும் சேர்ந்தால் குருதிச் சோதனை தேவை. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தாலே இந்நோய் தோன்றும் என்பதால் நெருங்கிய உறவில் மணம் செய்வோரின் குழந்தைகளிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. கடுமையான நிலையில் எலும்பு மச்சை மாற்றமே நிலையான தீர்வாகும்.

இதன் இரண்டாம் வகை 1992 இல் விவரிக்கப்பட்டது. இதில் ஃபியூக்கோசு என்னும் சர்க்கரை உரியவாறு சேர்க்கப்படாததால் செலெக்டின்களுக்குப் பிடி கிடைப்பதில்லை. அக்குழந்தைகளின் குருதி, 1952 இல் ஒய். எம். பெண்டேயும் பிறரும் கண்டறிந்த பம்பாய் குருதி வகையாக இருந்தது, ஏனெனில் அவ்வகையிலும் அதே சர்க்கரை சிவப்பணுக்களில் இல்லை. ஆனால் பம்பாய் வகையினர் அனைவருக்கும் இக்குறைபாடு உண்டு எனக் கருதுதல் தவறு. அவர்களிடம் பழுதுபட்டிருப்பது வேறொரு நொதி. அவர்களது வெண்ணணுக்கள் நன்றாகவே ஒட்டுகின்றன.

பெம்பிகஸ்

உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் தன் டெஸ்மோகிளைன்களையே பகையெனக் கொண்டு எதிர்ப்பொருட்களை உண்டாக்குவதால் வரும் நோய் பெம்பிகஸ் ஆகும். எதிர்ப்பொருள் வந்து அமர்ந்த டெஸ்மோகிளைன் தன் இணையைப் பற்ற இயலாது. உயிரணுவினுள் இழுக்கப்பட்டு மறையவும் செய்கிறது. புறத்தோல் உயிரணுக்கள் ஒன்றைவிட்டு ஒன்று கழன்று, இடைவெளியில் நீர் கோத்துத் தளர்ந்த கொப்புளங்கள் தோன்றுகின்றன. நலமாகத் தோன்றும் தோலையும் விரலால் அழுத்தித் தேய்த்தால் மேலடுக்கு நழுவிவரும். இது நிக்கோல்சுக்கி அறிகுறி எனப்படும்.

நுண்ணோக்கியில் காணும் காட்சி முன்பு கூறிய வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. மேலுள்ள உயிரணுக்கள் அனைத்தும் கழன்றபின்னும் அடியடுக்கு மட்டும் அடித்தளப் படலத்தின்மேல் வரிசையாக நிற்கிறது. நோய்க்குறியியலாளர் இதனைக் கல்லறைக் கற்களின் வரிசை என்பர். அவற்றைக் கீழே பிடித்திருப்பது இண்டெகிரின் கொண்ட அரை டெஸ்மோசோம். எதிர்ப்பொருள் அதனைத் தொடுவதில்லை. முதியோரை அதிகம் தாக்கும் பெம்பிகாய்டு என்னும் நோயில் இது தலைகீழாகிறது. அதில் தாக்கப்படுவது அரை டெஸ்மோசோம் என்பதால் புறத்தோல் முழுவதும் சேர்ந்து மேலெழுகிறது; கொப்புளம் விறைப்பாக இருக்கும், எளிதில் உடையாது.

பெம்பிகஸில் தாக்கப்படுவது கேடெரின் குடும்பத்துப் புரதம் என்பது 1991 இல் மசயுகி அமகாய், ஜான் ஸ்டான்லி ஆகியோரால் அறியப்பட்டது. டெஸ்மோகிளைன்-3 வாய்ச்சவ்விலும் தோலின் கீழடுக்குகளிலும், டெஸ்மோகிளைன்-1 தோலின் மேலடுக்குகளிலும் மிகுதி. ஒன்று பழுதானால் மற்றொன்று இருக்குமிடத்தில் பிடி நிலைக்கும். எனவே 3 மட்டும் தாக்கப்பட்டால் வாயில் புண். இரண்டும் தாக்கப்பட்டால் தோலிலும் கொப்புளம். 1 மட்டும் தாக்கப்பட்டால் தோலின் மேற்பரப்பு உரியும், வாய் தப்பும். பொதுவான வகையில் நோய் வாயிலேயே தொடங்குவதால், மாதக்கணக்கில் ஆறாத வாய்ப்புண்ணுக்குப் பல் மருத்துவரிடமும் சத்து மாத்திரைகளிலும் காலம் கழித்தபின்னரே பலர் தோல் மருத்துவரை அடைகின்றனர்.

கார்ட்டிகோ ஸ்டீராய்டுகள் வருமுன் இந்நோயாளிகளுள் பெரும்பாலோர் இறந்தனர். தோலுரிந்த பரப்பில் நீரும் புரதமும் இழக்கப்படுவதும் நோய்த்தொற்றும் இறப்புக்குக் காரணங்கள். ஸ்டீராய்டுகள் உயிர் காத்தன. ஆனால் நாள்தோறும் பேரளவில் உண்டதன் பக்கவிளைவுகள் பலரைக் கொன்றன. இந்தியாவில் இந்நோய் மேலை நாடுகளைவிட இளம் வயதினரிடம் காணப்படுவதால் இச்சிக்கல் இங்கு இன்னும் கடுமையானது. புது தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் ஜே. எஸ். பஸ்ரிச்சா, ராம்ஜி குப்தாவுடன் இணைந்து 1984 இல் ஒரு மாற்று முறையை வெளியிட்டார். அதன்படி டெக்சாமெத்தசோன் 100 மில்லிகிராம் மூன்று நாட்கள் தொடர்ந்து சிரைவழி ஏற்றப்படும். அவற்றுள் ஒரு நாள் சைக்ளோபாஸ்பமைடு 500 மில்லிகிராம் சேர்க்கப்படும். 28 நாட்களுக்கு ஒருமுறை இது திரும்பச் செய்யப்படும். இடைப்பட்ட நாட்களில் சைக்ளோபாஸ்பமைடு மட்டும் சிறிதளவு உண்ணப்படும். விலைமலிவான இம்மருந்துகளால் இம்முறை நாடெங்கும் பரவியது. சைக்ளோபாஸ்பமைடு கருவளத்தைக் கெடுக்கக்கூடியதாகையால், குழந்தைப்பேற்றை எதிர்நோக்குவோருக்கு அது தவிர்க்கப்படுகிறது. எதிர்ப்பொருள் உண்டாக்கும் உயிரணுக்களை அழிக்கும் ரிட்டுக்சிமேப் என்னும் மருந்து 2018 இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்றது.

நுண்ணுயிரிகளும் இதே பிணைப்பைக் குறிவைக்கின்றன. குழந்தைகளுக்கு வரும் கொப்புளச் சிரங்கில் ஸ்டாஃபிலோகாக்கசு சுரக்கும் நச்சு, டெஸ்மோகிளைன்-1 ஐ மட்டும் ஓரிடத்தில் வெட்டுகிறது. 2000 ஆம் ஆண்டு வெளியான இக்கண்டுபிடிப்பு, அச்சிரங்கு மேலாகவே உரிந்து வடுவின்றி ஆறுவதன் காரணத்தை விளக்கியது.

புற்றுநோயில்

ஈ-கேடெரினின் மரபணு பழுதான குடும்பங்களில் இரைப்பைப் புற்றுநோய் தலைமுறை தலைமுறையாகத் தோன்றுவது நியூசிலாந்தின் மாவோரி குடும்பம் ஒன்றில் 1998 இல் அறியப்பட்டது. இவ்வகையில் கட்டியாகத் திரளாமல் உயிரணுக்கள் தனித்தனியே இரைப்பைச் சுவரினுள் பரவுவதால் உள்நோக்கியில் எளிதில் புலப்படுவதில்லை. எனவே பழுதான மரபணு உறுதிசெய்யப்பட்டவர்களுக்கு நோய் வருமுன்னரே இரைப்பையை அகற்றும் அறுவை பரிந்துரைக்கப்படுகிறது. இரைப்பைப் புற்றுநோய்களுள் பெரும்பாலானவை இவ்வாறு மரபுவழி வருபவை அல்ல.